மாக்கியவெல்லி உரையில் என் சட்டையைச் சேர்த்தது குறித்து

அனுப்புநர்
கோ. ஜெயபிரகாஷ்,
ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்.

பெறுநர்
திருமதி தாமரைச்செல்வி அவர்கள்,
தலைவர், தமிழ் வாசகர் வட்டம், ஃபிரிஸ்கோ.

பொருள்: என் உரையை என் மனைவி நிகழ்த்தியது – ஆண்டுவிழாவிலும் பேச அவரையே அழைத்திருப்பது – ஆட்சேபம் தெரிவித்தல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஃபிளாரன்ஸ் நகரில் வாழ்ந்த அரசியல் சிந்தனையாளர் மாக்கியவெல்லியைப் பற்றி இரண்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். செப்டம்பர் 13 அன்று நம் வட்டத்தில் பேசுவதற்காக நாற்பத்தாறு ஸ்லைடுகள் தயாரித்திருந்தேன்.

2. கிளம்பும் நேரத்தில் அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு வந்தது. நான் வரும்வரை பத்து நிமிடம் சமாளிக்கும்படி மனைவி வான்மதியை அனுப்பினேன். பிழை என்னுடையதே. நான் வந்து சேர்ந்தபோது அவர் நாற்பது நிமிடம் பேசி முடித்திருந்தார். அவர் இது குறித்து ஒரு பக்கமும் படித்தவரல்லர். அறிந்ததெல்லாம் கார் ஓட்டும்போது நான் சொன்னவை. அப்போது அவர் தூங்குவதாகவே நினைத்திருந்தேன்.

3. அவர் பேசியதைக் காணொளியில் பார்த்தேன். பதினான்கு ஆண்டுகள் அரசுச் செயலராக இருந்த மாக்கியவெல்லி, ஆட்சி மாறியதும் பதவி பறிபோய், சிறையில் வதைபட்டு, ஊருக்கு வெளியே தோட்ட வீட்டில் ஒதுங்கினார். மாலையானால் சேறு படிந்த உடையைக் களைந்து, அரசவை உடை அணிந்தே படிக்க உட்காருவார். மீண்டும் வேலை கேட்டு எழுதிக்கொண்டேயிருந்தார். உலகமோ அவர் பெயரைச் சூழ்ச்சிக்கு மறுபெயராக்கிவிட்டது. இவ்வளவும் என் ஸ்லைடுகளில் உள்ளவை. அடுத்து வான்மதி சொன்னது அவற்றில் இல்லை: "எங்க வீட்லயும் ஒருத்தர் லேஆஃப்ல வேலை போன ஏழு மாசமும் டெய்லி சட்டைய அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டுதான் லேப்டாப் முன்னாடி உட்காருவார். அவரச் சூழ்ச்சிக்காரர்னு சொல்வீங்களா?"

4. சபை எழுந்து நின்று கைதட்டியது. அன்றுமுதல் அனுமார் கோயிலில் என்னைப் பார்ப்பவர்கள், "அக்கா அடுத்து எப்ப பேசுறாங்க?" என்றே கேட்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைக்க விரும்பவில்லை. சட்டை என்னுடையது. அந்த ஏழு மாதங்களும் என்னுடையவை. இரண்டு ஆண்டுகள் படித்தும் எனக்கு அது தோன்றவில்லை. என் படிப்பு ஏட்டுச் சுரைக்காயாகிவிட்டது.

5. ஆகவே ஆண்டுவிழா உரையை எனக்கே ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன். இயலாதெனில், அவரை அறிமுகம் செய்ய ஐந்து நிமிடமாவது அளிக்க வேண்டுகிறேன். எனக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியாததால், நான் சொல்லச் சொல்ல இம்மனுவைத் தட்டச்சு செய்தவர் மேற்படி வான்மதியே என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

இடம்: ஃபிரிஸ்கோ
நாள்: 22.09.2025

தங்கள் நல்ல முடிவை எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
கோ. ஜெயபிரகாஷ்

தட்டச்சு செய்தவர் குறிப்பு: பத்தி 3இல் அவர் "பத்து ஆண்டுகள்" என்றார். பதினான்கு என்று திருத்தியிருக்கிறேன். காரில் நான் ஒருநாளும் தூங்கியதில்லை. – வான்மதி