ஊரறியச் சொல்லுதல்

கொழும்பு – 2
03.07.1986

அன்புத் தங்கச்சி றஹீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உன் காக்கா சுகம். கொம்பனித்தெரு அறையின் மூட்டைப்பூச்சிகளும் என் தயவில் சுகம். முனாப் மச்சானின் இருமல் நின்றதா?

ஒரு சொல்லுக்காக இதை எழுதுகிறேன். இங்கிலீசில் 'புறொமல்கேற்' என்பார்கள். அரசாங்கம் ஒரு விதியை ஆக்கி, இன்று முதல் இதுதான் சட்டம் என்று அறிவிப்பது. இதையெல்லாம் தமிழாக்கத்தான் எனக்குச் சம்பளம். அகராதி 'பிரகடனம்' என்கிறது. அது யுத்தத்துக்குச் சொல்வது போல இருக்கிறது. எங்கள் பகுதித் தலைவர் 'வெளியிடல்' போதும் என்கிறார். ஆண்டு மலரும் புத்தகமும்கூட வெளியிடத்தானே செய்கிறார்கள்? நம் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள்? உடனே எழுது, வேலை அவசரம்.

உன் காக்கா,
காலிதீன்


சாய்ந்தமருது
07.07.1986

அன்புள்ள காக்காவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். மூட்டைப்பூச்சிகளுக்கும் என் ஸலாத்தைச் சொல்லுங்கள். கல்யாணம் முடித்திருந்தால் கட்டிலை வெயிலில் போட ஓர் ஆள் இருந்திருக்கும். சொன்னால் கேட்கிறீர்களா?

கச்சான் காற்றில் வீடெல்லாம் மண். இவருக்கு இருமல் நின்றுவிட்டது. பாண்டிருப்புச் சீனித்தம்பியோடு சேர்ந்து இராவில் கடலுக்குப் போகிறார். நல்ல மீனெல்லாம் சந்தைக்கு, முள்மீன் எனக்கு.

உங்கள் சொல்லை இவரிடம் கேட்டேன். “ஜும்ஆ முடிய பள்ளி மரைக்கார் எழும்பிச் சொல்லணும். அதுக்குப் பொறகு தெரியாண்டு ஒருத்தனும் சொல்லேலா. அதுதான் சட்டம்” என்றார். ஆகையால் 'ஊரறியச் சொல்லுதல்' என்று போடுங்கள். சம்பளத்தில் பாதியை மச்சானுக்கு அனுப்புங்கள்.

உங்கள் தங்கச்சி,
றஹீமா


சாய்ந்தமருது
19.07.1986

காக்கா,

செவ்வாய் இரவு கடலுக்குப் போன இவரையும் சீனித்தம்பியையும் கடற்படை ரோந்துப் படகு பிடித்துக்கொண்டு போய்விட்டது. இரவில் கடலில் இறங்கக்கூடாது என்று சட்டம் வந்திருக்கிறதாம். எங்கள் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. பாண்டிருப்புக் கோயிலடியிலும் சொல்லவில்லையாம். சீனித்தம்பியின் மனைவி வல்லியம்மையும் நானும் முகாம் வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வருகிறோம்.

எனக்கு அழுகை வரவில்லை. சோறு ஆக்குகிறேன், ஆறிப்போகிறது, கோழிக்குப் போடுகிறேன். நீங்கள் சட்டம் எழுதும் கந்தோரில் இருப்பவர். அறியாமல் போனவர்களைத் தண்டிக்க முடியாது என்று யாரிடமாவது சொல்ல ஏலாதா?

றஹீமா


கொழும்பு – 2
23.07.1986

அன்புத் தங்கச்சிக்கு,

ஒரு சட்டத்தரணியோடு கதைத்திருக்கிறேன். பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். அரசாங்க வர்த்தமானியில் அச்சான நாள்தான் அறிவித்த நாள். அது பதினோராம் திகதியே வந்துவிட்டது. சனங்களுக்குத் தெரிந்ததா என்று சட்டம் கேட்பதில்லை.

நான் 'ஊரறியச் சொல்லுதல்' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். தலைவர் அதை வெட்டிவிட்டு 'வெளியிடல்' என்று போட்டார். “ஊர் அறியாட்டியும் சட்டம் சட்டம்தான் தம்பி. பொய்ச் சொல்லைப் போடாதேயும்” என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தச் சொல்லுக்கு அதுதான் அர்த்தம்.

பொறுமையாக இரு. துஆச் செய்கிறேன்.

காலிதீன்


சாய்ந்தமருது
28.07.1986

காக்கா,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். என்னிடம் சொல் கேட்டு எழுதினீர்களே, அது இந்தச் சட்டத்துக்காகவா?

இவர் இராவில் கடலுக்குப் போகிறார் என்று நான் அந்தப் பதிலிலேயே எழுதியிருந்தேன்.

றஹீமா


கொழும்பு – 2
02.08.1986

தங்கச்சி,

ஓம். இந்தச் சட்டத்துக்காகத்தான்.

அச்சாகும் முன் வாய் திறப்பதில்லை என்று கையெழுத்து வைத்த வேலை இது. உன் கடிதம் வந்தபோது நான் முதலில் சொல்லைத்தான் பார்த்தேன். நல்ல சொல் என்று சந்தோஷப்பட்டேன். மற்ற வரி பிறகுதான் மனதில் ஏறியது. தந்தி அடிக்கலாம் என்று தபாற்கந்தோர் வரை போனேன். 'கடலுக்குப் போக வேண்டாம்' என்றால் போதும். வரிசையில் நின்றபோது, தந்தியைப் பார்ப்பவன் யார், எங்கே கொண்டுபோய்க் கொடுப்பான் என்று பயம் பிடித்தது. திரும்பி வந்துவிட்டேன். சட்டம் அச்சான பிறகாவது அடித்திருக்கலாம். அப்போது நீங்கள் அறிந்திருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வருகிறேன். மச்சான் வந்திருந்தால் அவர் கையைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

காலிதீன்


சாய்ந்தமருது
11.08.1986

காக்காவுக்கு,

இவரை வெள்ளிக்கிழமை விட்டுவிட்டார்கள். இடது காது கேட்பதில்லை. கடற்கரைப் பக்கம் போவதில்லை. நீங்கள் எனக்குச் சீதனமாகக் கட்டித் தந்த இந்த வீட்டின் உள்ளறையில்தான் பகலெல்லாம் இருக்கிறார். சீனித்தம்பி இன்னும் வரவில்லை. வல்லியம்மை இப்போது தனியாகப் போய் வருகிறாள்.

நேற்றுத்தான் இவர் முதன்முதலாக வாய் திறந்து கதைத்தார். “கொழும்பு மச்சானுக்குத் தெரிஞ்சிருந்தா எப்பிடியும் சொல்லி அனுப்பியிருப்பாருகா. அவருக்கும் தெரியாமத்தான் செஞ்சிருக்கானுகள்” என்றார். நான் ஓம் என்றேன். அதற்குப் பிறகு கொஞ்சம் சோறு தின்றார்.

உங்கள் மேல் கோபம் என்று நினைக்க வேண்டாம். கோபம் வந்தால்கூட நல்லது என்று பார்க்கிறேன், வரவில்லை. ஆனால் பெருநாளைக்கு வராதீர்கள். வந்தால் சொல்லிவிடுவீர்கள். சொன்னால் உங்களுக்கு மனம் லேசாகும், இவருக்கு நம்ப ஆள் இல்லாமல் போகும்.

கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி எழுதவும் வேண்டாம். இவருக்கு வாசிக்கத் தெரியும்.

றஹீமா