மரியநாயகத்தின் கலியாணச் சப்பாத்து

அன்புள்ள தம்பி மரியநாயகத்துக்கு,

"செத்தவன்ர சப்பாத்தைத் தம்பிக்கு அனுப்பிப்போட்டா" என்று மச்சாள் திரேசம்மா என்னைப்பற்றி நெடுந்தீவெங்கும் சொல்கிறாளாம். பிழை. நான் வேலை செய்யும் பழைய பொருள் கடைக்கு அதைத் தந்த கனவான் நல்ல சுகமாக இருக்கிறார். நானும் சுகம். உன் முழங்கால் நோ எப்படி?

நான் கொடுத்த காசுக்குப் புதிதாக வாங்கினால் றெக்சின்தான் கிடைக்கும். இது அசல் தோல். நீ பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கீறி அனுப்பிய கடதாசியை வைத்தே அளவு பார்த்தேன். அது இப்போது என் செபப்புத்தகத்துக்குள் இருக்கிறது.

உப்புத்தண்ணீர் பட்டால் ஈரத்துணியால் துடைத்து நிழலில் காயவிடு. தேங்காயெண்ணெய் பூசாதே.

உன் மகளின் கலியாணத்துக்கு என்னால் வர ஏலாது. ஆனால் அவளைக் கோயிலுக்குள் கூட்டிப்போகும்போது நீ இந்தச் சப்பாத்தோடுதான் நடக்கவேண்டும். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். போடமாட்டாய் என்றால் அதையும் போனில் சொல்லாதே. உன் கையால் எழுதிப் பதில் போடு.

அக்கா,
றோசலின்