உப்புத் தண்ணீர் மட்டும் உள்ள பாட்டில்

இன்று காலை பெட்டியின் அரக்கு முத்திரையை உடைத்ததும் அந்த உப்பு வாடை முகத்தில் அடித்தது. உள்ளே வழக்கம்போல ஜாடிகள். யாரோ ஒருவரின் இரைப்பை, கல்லீரல், சிறுநீரகம். கூடவே வெறும் உப்புத் தண்ணீர் நிரப்பிய ஒரு பாட்டில். விஷம் உடலில் இருந்ததா, கெடாமலிருக்க ஊற்றிய தண்ணீரிலேயே இருந்ததா என்று ஒப்பிட்டுப் பார்க்க அனுப்புவார்கள். நீ முதலில் அதைத்தான் எடுப்பாய். "இதுல மட்டுந்தான் ஆளே இல்ல. இன்னா மச்சான், சௌக்கியமா கீறியா?" என்று அதனிடம் குசலம் விசாரிப்பாய். நம் தடய அறிவியல் ஆய்வகத்தில் என்னைச் சிரிக்க வைத்தவன் நீ ஒருவன்தான்.

மாமல்லபுரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த உன்னை அலை இழுத்துக்கொண்டு போனது. மீனவர்கள் படகில் தேடிக்கொண்டிருந்தபோது, நான் குடித்து முடித்த பாட்டிலில் கடல் தண்ணீரைப் பிடித்து மூடியை இறுக்கினேன். ஏனென்று கேட்காதே, கைப்பழக்கம். உன் உடல் கிடைத்தால் ஒப்பிட வேண்டுமே என்று புத்தி தன் போக்கில் வேலை செய்திருக்கிறது. நீ கிடைக்கவேயில்லை. பாட்டில் மட்டும் என்னோடு கூடுவாஞ்சேரி வீட்டுக்கு வந்தது.

ஆய்வக வாசலில் காத்திருக்கும் உறவினர்களிடம் "ரிசல்ட் இன்னும் வரல" என்று சொல்வது உனக்குப் பிடிக்காது. "அத்தக் கேட்டுட்டு அவங்களால அழவும் முடியாது, எழுந்து வேலையப் பாக்கவும் முடியாது மச்சான்" என்பாய்.

போன ஞாயிறு அச்சரப்பாக்கத்தில் உன் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். இன்னும் உனக்குக் காரியம் செய்யவில்லை. படத்துக்கு மாலையும் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆளாளுக்கு இன்னான்னாவோ சொல்றாங்க. செத்தவங்களப் பாத்து சொல்றதுதான உன் வேல? நீ சொல்லு நைனா, நம்பறேன். எம்புள்ள கீறானா, இல்லியா?"

இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன்.

"ரிசல்ட் இன்னும் வரலம்மா" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "சரி, வரட்டும். நீ சாப்ட்டுட்டுப் போ" என்று எழுந்துபோய், உனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார்.

கடல் தண்ணீர் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கொட்ட மனம் வரவில்லை, பார்க்கவும் பயமாக இருக்கிறது. வேலைக்குக் கிளம்பும்போது, நீ கேட்டதைப் போலவே அதனிடம் கேட்கிறேன், "இன்னா மச்சான், சௌக்கியமா கீறியா?" அதில் ஆள் இல்லை என்று சொல்ல வேண்டியவனே நான்தான். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறேன்.