மூன்றாம் ஓலை

சேசு மரி சூசை

ராயபுரம்,
14-9-1952, ஞாயிறு.

என் அன்புத் தோழி ஞானசெல்விக்கு,

சிலுவையம்மாள் எழுதுவது. இங்கே நானும் அப்பா அம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று பூசையில் வேண்டிக்கொண்டேன். இன்று சிலுவைத் திருநாள், என் பேர்கொண்ட நாள். நீ இங்கே இருந்தால் காலையிலேயே வந்து, "ஏட்டி, பலகாரம் எங்கே?" என்று அடுக்களைக்குள் நுழைந்திருப்பாய்.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. நீ சொன்னபடி இதை உன் அடுத்த வீட்டு மங்கை அக்காள் விலாசத்துக்கே அனுப்புகிறேன். வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு. ஏழு மாதம் ஆகிவிட்டது, இன்னும் நான்தான் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். குடத்தை இடுப்பில் வைக்காதே. மூத்த தாரத்துப் பிள்ளைகள் இரண்டும் உன்னோடு ஒட்டிக்கொண்டன என்று வாசித்துச் சந்தோஷப்பட்டேன். உன் வீட்டுக்காரர் ஜேக்கப் எப்படி இருக்கிறார் என்றுதான் நீ எழுதவில்லை. நீ பத்திரிகை வாசித்தால் அவருக்குப் பிடிக்காது என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் கொழும்பில் நல்ல மழை என்று எழுதியிருக்கிறாய்.

உன் அப்பா சுகமாக இருக்கிறார். கருப்பட்டி மண்டியின் முன்பக்கத்துக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறார். என் அப்பாதான் இன்னும் அங்கே கிடங்கு பார்க்கிறார். நான் காலடிப்பேட்டைப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் அறுபது பிள்ளைகள். கத்திக் கத்தி சாயங்காலம் தொண்டை வற்றிப்போகிறது. அங்கே கத்துவதற்கு எனக்கு வாய் நன்றாகவே இருக்கிறது.

சனிக்கிழமைக் கூட்டம் பாஸ்கல் அண்ணன் அச்சாபீஸ் மாடியில் இன்னும் நடக்கிறது. கூட்டம் என்றால் புதிதாக வந்த இரண்டு பேரையும் சேர்த்து நான்கு பேர். போன வாரம் சுவிட்சர்லாந்தைப் பற்றிப் பேசினோம். அத்தனை படித்த தேசத்தில் பெண்களுக்கு இன்னும் ஓட்டுக் கிடையாதாம். பாஸ்கல் அண்ணன் ஆவேசமாக மேஜையைக் குத்தியதில் மைக்கூடு கவிழ்ந்து அவர் வேட்டியெல்லாம் கறுப்பு. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். மீன்கார நீலா வருவதில்லை. சனவரியிலிருந்தே வருவதில்லை. ஏன் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது.

தலைப்பிரசவத்துக்கு ராயபுரம் வரும்போது பிள்ளைக்கு நம் கோயிலிலேயே ஞானஸ்நானம் கொடுப்பது, நான் ஞானத்தாயாக நிற்பது, பெண்ணானால் என் பேரையே வைப்பது என்று நீயாகவே எல்லாம் முடிவு செய்திருக்கிறாய். "எல்லார் முன்னாலும் எனக்காக எழுந்து நின்று பேசியவள் நீ ஒருத்திதான். என் பிள்ளைக்காகவும் நீயே பேச வேண்டும்" என்று காரணமும் எழுதியிருக்கிறாய். புதன்கிழமையிலிருந்து அந்த வரியையே திரும்பத் திரும்ப எடுத்து வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஞானா, நான் பேசவில்லை. அன்று கோயிலில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

எழுதிவிட்டேன். இனி நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

போன வருஷம் மார்ச் மாதம் நாம் நாலு பேரும் பாஸ்கல் அண்ணன் கொண்டுவந்த பத்திரிகைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? கெய்ரோவில் ஆயிரத்தைந்நூறு பெண்கள் பார்லிமெண்டுக்குள் நுழைந்து ஓட்டுரிமை கேட்ட செய்தியை நீ வாசித்தாய். பெண் சம்மதிக்காத கல்யாணம் செல்லாது என்று சீனாவில் போட்ட சட்டத்தை நான் வாசித்தேன். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் எப்போது வரும் என்று நீ பெருமூச்சு விட்டாய். அப்போது நான் என்ன சொன்னேன்? இதற்குச் சீனாவுக்கா போக வேண்டும், நம் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கிறார்களே, தடை, விக்கினம் ஏதாவது அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியாரே கேட்கிறாரே, பெண்ணுக்குச் சம்மதமில்லை என்பதைவிடப் பெரிய விக்கினம் உண்டா, ஒருத்தி எழுந்து நின்று சொன்னால் போதாதா என்றேன். எல்லாரும் கை தட்டினீர்கள். நீலா என் முதுகில் ஒரு அடி வைத்தாள். அன்று ராத்திரி எனக்குப் பெருமையில் தூக்கம் வரவில்லை.

ஐந்தே மாதத்தில் உன் ஓலை வந்தது. மாப்பிள்ளை உன்னைவிடப் பதினாறு வயது மூத்தவர், மனைவியை இழந்தவர். நீ டீச்சர் டிரெயினிங்குக்குப் போட்ட விண்ணப்பத்தை உன் அப்பா கிழித்துப்போட்டார். சம்மதமில்லை என்று நீ சொன்னதற்கு அவர் மூன்று நாள் சாப்பிடாமல் படுத்தார். ஓலை வாசிக்கும் ஞாயிறுகளில் கல்யாணப் பெண் அதைக் கேட்கக் கூடாது என்று நம் ஆட்களுக்கு ஒரு வழக்கம். உன்னை விடியற்காலைப் பூசைக்குக் கூட்டிப்போய்விட்டு வீட்டில் உட்காரவைத்தார்கள். ஓலை வாசித்தது பெரிய பூசையில். அதனால்தான் என்னை நம்பினாய். மீன் கொடுக்க உன் வீட்டுக்கு வரும் நீலாவிடம், எனக்குச் சம்மதமில்லை என்று அவளை எழுந்து சொல்லச் சொல் என மூன்று வாரமும் சொல்லி அனுப்பினாய்.

முதல் ஓலை அன்று, இன்னும் இரண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ஓலை அன்று எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. கரகரத்த குரலில் சொன்னால் எடுபடாது, இஞ்சி தின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு அடுத்த வாரம் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். பாஸ்கல் அண்ணனும் ஆண்கள் பக்கம் இருந்தார். அவரைச் சொல்லச் சொன்னதற்கு, "பெண்கள் விஷயம்மா, பெண்தான் எழுந்து சொல்லணும், அதுதான் அழகு" என்றார். அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் உண்டு. ஆனால் அவரைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

மூன்றாம் ஓலை. சாமியார் உன் பேரையும் மாப்பிள்ளை பேரையும் வாசித்து, விக்கினம் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்றார். நான் எழுந்து நின்றேன், ஞானா. அது மட்டும் நிஜம். பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை முக்காடும் என் பக்கம் திரும்பியது. உன் அம்மா திரும்பினாள். ஆண்கள் பக்கத்திலிருந்து என் அப்பா திரும்பினார். சாமியார் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, "என்னம்மா?" என்றார். என் பக்கத்தில் பாஸ்கல் அண்ணன் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். குழந்தை அழுதது. நான் குனிந்து குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதை வெளியே தூக்கிப் போவதற்காகவே எழுந்தவளைப் போல வாசலைப் பார்க்க நடந்துவிட்டேன். சாமியார் அடுத்த அறிவிப்பை வாசித்தார்.

வெளியே கேட் ஓரமாக மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நீலா நின்றுகொண்டிருந்தாள். அவள் நம் கோயிலைச் சேர்ந்தவள் அல்லவே, அதனால் உள்ளே வரவில்லை. பூசை தொடங்கியதிலிருந்து வெயிலில் நின்றிருக்கிறாள். என்னைப் பார்த்ததும், "இன்னாமே, சொல்லிட்டியா?" என்று ஓடிவந்தாள். சொல்லிவிட்டேன் என்றேன். சாமியார் இன்னா சொன்னார் என்று கேட்டாள். கேட்டுக்கொண்டார், ஆனால் ஒன்றும் நடக்காது போலிருக்கிறது என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்தப் பொய்! உள்ளே வராத குரல் கேட்டில் நின்று கணீரென்று வந்தது. நீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையோடு நேராக உன் வீட்டுக்கு ஓடினாள். பூசை முடிந்து சாமியார் தங்கும் பங்களாவுக்குப் போய் அவரிடம் தனியாகச் சொல்லியிருந்தால்கூட அந்தப் பொய் பாதி உண்மை ஆகியிருக்கும். அதையும் நான் செய்யவில்லை. உள்ளே இருந்து பார்த்த பாஸ்கல் அண்ணனும் அதைப் பற்றி யாரிடமும் பேச்செடுக்கவில்லை.

கல்யாணத்தன்று சாமியார் உன்னிடம் சம்மதமா என்று கேட்டபோது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது என்ன பார்வை என்று ஒரு வருஷமாக எனக்கு நானே ஏதேதோ சொல்லிக்கொண்டு இருந்தேன். இப்போது நீயே எழுதிவிட்டாய். "நீ சொல்லியே கேட்காதவர்கள் நான் சொன்னாலா கேட்கப்போகிறார்கள் என்றுதான் சம்மதம் என்றேன்" என்று. பீடத்தின் முன்னால் உன் வாயில் இருந்த வார்த்தையை என் பொய் பறித்துவிட்டது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்திருந்தால் நீயே சொல்லியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

இனி நீலாவின் விஷயம். சனவரியில் ஓட்டுப் போட நானும் அவளும் ஒன்றாக வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் காசிமேட்டுக் குப்பத்துப் பெண் ஒருத்தி. புருஷன் பேர் என்ன என்று ஆபீசர் கேட்க, அவள் புருஷன் பேரை வாயால் சொல்ல மாட்டேன் என்று வெட்கப்பட்டு நிற்க, பின்னால் இருந்து நீலா, "எத்திராஜ், எய்திக்கோ சார்!" என்று கத்தினாள். வரிசையே சிரித்தது. ஒரு பேர் சொல்லவா இத்தனை பயம் என்று நானும் சிரித்தேன். அப்போது நீலா என் தோளைத் தொட்டு, "எல்லாருக்கும் உன்ன மாரி தில்லு இருக்குமாமே? நீ அத்தினி பேரு முன்னாடி கோயில்ல எய்ந்து நின்னவளாச்சே" என்றாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நான் பேசவே இல்லை என்பதை அந்த வரிசையிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் திட்டவில்லை. "என்னண்ட சொல்லி இருந்தா நானே உள்ள பூந்து கத்தி இருப்பேன். இன்னா பண்ணுவாங்கோ? கய்த்தப் புடிச்சி வெளிய தள்ளுவாங்கோ. அவ்ளோதானே?" என்றாள். ஓட்டுப் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். இப்போதும் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருகிறாள். அம்மாவிடம் பேசுகிறாள். நான் வெளியே வந்தால் கூடையைத் தூக்கிக்கொள்கிறாள். உனக்கு அவள் எழுதவில்லை. அது என் வேலை என்று விட்டிருக்கிறாள் போல.

உன் அப்பா மண்டியில் என் அப்பாவுக்கு வேலை, சாமியார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை என்றெல்லாம் காரணம் எழுதலாம். அவையெல்லாம் நான் பிறகு உட்கார்ந்து தேடிப்பிடித்த காரணங்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு எந்த வேலையும் நினைவுக்கு வரவில்லை. எல்லாரும் பார்க்கிறார்களே என்ற பயம்தான் இருந்தது. எகிப்துப் பெண்களைப் பற்றி அத்தனை பேசியவளுக்கு நூறு முக்காடு திரும்பியதைத் தாங்க முடியவில்லை.

மேலே ஒரு இடத்தில் மறுபடியும் பொய் எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தாமல் இங்கே சொல்கிறேன். குழந்தை அழவில்லை. அது தூங்கிக்கொண்டிருந்தது. அழுகிற குழந்தை எனக்குத் தேவைப்பட்டது. அதனால் அதை வாங்குகிறபோது தொடையில் கிள்ளினேன். வீரிட்டு அழுதது. அதன் தாய் கொசு கடித்ததோ என்று பாவாடையை விலக்கிப் பார்த்தாள். இது நீலாவுக்கும் தெரியாது, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோதும் நான் சொன்னதில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

ஞானஸ்நானத் தொட்டியருகே சாமியார் கேட்கிற கேள்விக்கெல்லாம் பேசத் தெரியாத பிள்ளைக்காக ஞானத்தாய் வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். இதை வாசித்த பிறகும் அந்த இடத்தில் என்னை நிறுத்துவாயா என்று கேட்க எனக்கு முகம் இல்லை. வேறு யாரையாவது நிறுத்தினால் நான் பின்னால் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. நீ இங்கே வந்து பிள்ளை பெற்ற பிறகு, திரும்பிக் கொழும்புக்குப் போக உனக்கு மனமில்லை என்றால், அதை என்னிடம் ஒரே ஒரு தடவை சொல். உன் அப்பாவிடம் நான் சொல்கிறேன். சாமியாரிடமும், இந்தக் கல்யாணத்தில் பெண்ணுக்குச் சம்மதம் இருக்கவில்லை, அது அன்றே எனக்குத் தெரியும் என்று சொல்கிறேன். நேற்று இதை என் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்று அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார்.

பெண் பிறந்தால் என் பேரை வைக்காதே. கோயில் ஞானஸ்நானப் புத்தகத்தில் மோட்சத்தில் இருக்கும் எந்த அர்ச்சியசிஷ்டவளின் பேர் வேண்டுமானாலும் இருக்கட்டும். வீட்டில் நீலா என்று கூப்பிடு.

தண்ணீர் இறைக்காதே. இரவில் இடப்பக்கமாகப் படு. தேவதாய் உன்னைப் பத்திரமாகக் கப்பலேற்றி எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கட்டும். பிள்ளை பிறந்ததும், யாரும் கிள்ளாமல் தானாகவே, இந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி வாய்விட்டு அழட்டும்.

உன் பதில் வந்தாலும் வராவிட்டாலும்
உன்னுடைய,
சிலுவையம்மாள்.