பொறியியலாளர் என்பதை வெட்டிவிட்டேன்

கிரான்பர்ன்
புதன்கிழமை

அன்பு மகள் வினுஷாவுக்கு,

நாங்கள் இங்கே நலம் என்று பழக்கத்தில் எழுதத் தொடங்கிவிட்டேன், இனி நாங்கள் என்று யார், நான் நலம். லண்டனில் நீயும் மருமகன் பிரதீப்குமாரும் பேரனும் சுகமாயிருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் நீ அழுவாய், எனக்கு அழுகை வராது, அதனால் எழுதுகிறேன், அடுத்த வீட்டு யோகா இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள். அப்பாவின் செத்தவீடு முடிந்து நீ திரும்பிப் போன பிறகும் நான் அழவில்லை. சாப்பிடுகிறேன், உடுப்புத் தோய்க்கிறேன், பல்லுப் பிடுங்கின பிறகு வாய் விறைத்துக் கிடக்குமே, அப்படி இருக்கிறது. அப்பா வேலைக்கு ஓட்டிப் போகிற வான் வாசலிலேயே நிற்கிறது.

முப்பத்தோராம் நாளுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அடிக்கிறார்கள். அதற்கு அப்பாவின் வாழ்க்கை வரலாற்றைத் தமிழ்ச் சங்கச் செயலாளர் பாலகிருஷ்ணன் எழுதி நேற்றுக் கொண்டுவந்தார். எண்பத்தெட்டில் நாங்கள் ஊரைவிட்டு வந்தபோது இந்தக் கிரான்பர்ன் குதிரைப் பந்தயத் திடலும் கொஞ்சக் கடைகளும் மட்டும் உள்ள சின்ன ஊராக இருந்தது, அப்பா பதினொரு வருஷம் குடியிருப்பாளர் சங்கத் தலைவராக இருந்தது, எல்லாம் இருக்கிறது. ஆனால் முதல் வரியே “பொறியியலாளர் சச்சிதானந்தன்” என்று தொடங்குகிறது. தண்ணீர்க் கட்டுப்பாடு வந்த வருஷங்களில் சனிக்கிழமை தோறும் வயதானவர்களின் வீடு வீடாகப் போய், சிங்குக்குக் கீழே படுத்துக் கிடந்து ஒழுகுகிற பைப்புகளைச் சும்மா திருத்திக் கொடுத்தாரே, அதைக்கூட “நீர்ச் சேமிப்புப் பணிகளை மேற்பார்வை செய்தார்” என்று எழுதியிருக்கிறார். வாசிக்க, வேறு யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. ஏன் இப்படி என்று கேட்டேன். “உங்கட மகளின்ர கலியாண அழைப்புக் காட்டில அப்பிடித்தானே அக்கா கிடக்கு, அதைப் பாத்துத்தான் எழுதினனான்” என்றார். அவரில் பிழை இல்லை.

மாப்பிள்ளை வீட்டில் எல்லாரும் டொக்டர்மார், அப்பாவைப் பொறியியலாளர் என்று போடுவோம் என்று நீ கேட்டாய், நானும் ஓம் என்றேன். அப்பா அந்த அழைப்பிதழை வாங்கி வாசித்துவிட்டு “எழுத்து வடிவாயிருக்கு” என்று மட்டும் சொன்னார். உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நீ மணவறையில் இருந்த நேரம் மண்டபத்தில் சமையல் நடந்த குசினியில் பைப் வெடித்துத் தண்ணீர் வெளியே வந்துவிட்டது. அப்பா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போகப் பார்த்தார். நான்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து, “சம்பந்தி ஆக்கள் பாக்கினம், பேசாமல் நில்லுங்கோ” என்றேன். வேட்டியை இறக்கிவிட்டு நின்றார். வேறு பிளம்பர் வர முக்கால் மணித்தியாலம் ஆனது. அவன் வேலை செய்வதை அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். வீட்டுக்கு வந்தும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் மன்னிப்பாவது கேட்டிருப்பேன்.

அதனால் நேற்றே அந்தச் சொல்லை வெட்டி, பிளம்பர் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேற்பார்வையையும் வெட்டினேன். “மகளை ஒருக்காக் கேட்டீங்களோ” என்று பாலகிருஷ்ணன் தயங்கினார். இல்லை, கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடைசிப் பக்கத்தில் உன் பெயரும் மருமகன் பெயரும் வரும், சம்பந்தி வீட்டுக்கும் புத்தகம் போகும். உனக்கு வெட்கமாக இருந்தால் சொல்லு, உங்கள் பெயர்களை எடுத்துவிடச் சொல்கிறேன், கோபிக்கமாட்டேன். பிளம்பரை மட்டும் மாற்றச் சொல்லாதே. ஒருநாள் அவரைக் கை கட்டி நிற்க வைத்தேன், அது போதும்.

பேரனுக்குக் குளிருக்குச் சொக்ஸ் போட்டுவிடு. வேலையால் வந்து சாப்பிடாமல் படுக்காதே. உங்கள் மூன்று பேரையும் முருகன் கைவிடமாட்டான். எதுவென்றாலும் வெள்ளிக்கு முன் போன் எடு.

உன் அம்மா,
சத்தியபாமா சச்சிதானந்தன்