மஞ்சள் கழுவிய முகம்

இன்று காலை மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண், முகம் முழுக்க மஞ்சள் பூசியபடி என் ஸ்டூடியோ நாற்காலியில் உட்கார்ந்தாள். அறையெல்லாம் மஞ்சள் வாசனை. "மூஞ்சியக் கழுவிகினு வாம்மா" என்று சொன்ன பிறகுதான், அது நீ சொல்லும் சொல் என்று உறைத்தது. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. என் கடையில் இன்னும் உன் அதிகாரம்தான்.

அரக்கோணத்தில் ஒரே முதலாளியிடம் தொழில் படித்தோம். திருத்தணிக்கு வந்து எதிரெதிரே கடை போட்டோம். கேமராவும் ஒரே ரகம். மலையில் முடி கொடுத்துவிட்டு வரும் மொட்டைகள்கூட உன் படத்தில் மட்டும் ராஜா வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருப்பார்கள். எனக்கு வயிறு எரியும். சும்மா சொல்லவில்லை, சோறு இறங்காது.

அதைவிட எரிந்தது, என் மனைவியை உன் கடைக்கு அழைத்துவந்த அன்றுதான். ஆர்.கே.பேட்டையிலிருந்து அவள் அம்மா மகளின் படம் கேட்டார். நான் இரண்டு முறை எடுத்தும் முகம் கரேலென்று விழுந்தது. "பொண்ணுக்கு உடம்பு சரியில்லியா?" என்று மாமியார் ஆளனுப்பிவிட்டார். "நான் எதிர்க்கடையில எடுத்துக்கறேன்" என்று இவள் பிடிவாதம் பிடித்தாள். போட்டோக்காரன் பெண்டாட்டி போட்டிக் கடைக்குப் போவதைத் தெருவே பார்த்தது.

நீ அவளை ஒரு பார்வைதான் பார்த்தாய். பயத்தமாவும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்து, "மூஞ்சியக் கழுவிகினு வாம்மா. மஞ்சள் கேமரா பிளேட்டுல கறுப்பாத்தான் விழும்" என்றாய். தினமும் அந்த மஞ்சள் முகத்தோடு குடித்தனம் நடத்தும் எனக்கு அது தோன்றவில்லை. ஜன்னல் வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழும்படி அவளை உட்காரவைத்து, மறுபக்கம் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்துக் கட்டினாய். உன் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைக் காட்டி, "நீ அந்தக் கதவாண்ட போய் நில்லுப்பா" என்று என்னை விரட்டினாய். கொதித்துப்போனேன். நான் "அசையாதே" என்று அதட்டும் இடத்தில் நீ, "மூச்ச விட்டுக்கம்மா" என்றாய். லென்ஸ் மூடியை எப்போது எடுக்கிறாய் என்ற சூட்சுமத்தைக் களவாடிக்கொள்ள, உன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அப்படி ஒரு சிரிப்பை அவள் எனக்குக் காட்டியதே இல்லை. பார்வை லென்ஸுக்குப் பக்கத்தில் போயிருந்தது. பக்கத்தில் நின்றவன் நீ. உன் பாடைக்குப் பின்னால் நடக்கும்போதும் அந்த எரிச்சல் என்னோடு கூடவே வந்தது.

இன்று அந்தப் பெண் போனதும் மனைவியிடம் கேட்டே விட்டேன். "அவன் அப்படி என்ன சொன்னான், அந்தச் சிரிப்பு சிரிச்சே?"

"சொம்பு குடுக்கறப்போ மெதுவா, 'கேமராவப் பாக்காதம்மா, உங்க வூட்டுக்காரரப் பாரு'ன்னாரு. பாத்தேன். நீங்க கதவாண்ட உர்ருனு நின்னுகினு இருந்தீங்க. சிரிப்பு வந்துச்சு."

இதோடு பொறாமை விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தச் சிரிப்பு எனக்காக வந்தது. நானோ உன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை நேரில் பார்த்தவன் நீ ஒருவன்தான்.