பேருக்கு முன்னால்

12.3.1987, வியாழன். கிள்ளான்

கண் காட்ட இன்று அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கவுண்டரில் இருந்தது நம் தமிழ்ப் பெண்தான். "ஆன்டி, சிக்கா, புவானா? பேருக்கு முன்னாடி போடணும்" என்றாள். கல்யாணம் ஆகாதவளா, ஆனவளா என்று வரிசையே கேட்கக் கேட்கிறார்கள். இதற்குப் பெயர் மரியாதையாம்! எனக்குச் சுருக்கென்றது. தமிழ்ப்பள்ளியில் இருந்தவரை 'டீச்சர்' என்றால் போதும், அதற்குமேல் யாரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்ற கையோடு, ஐம்பத்தைந்து வயதில், 'சிக்' என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. தம்பிகள் படித்து முடிப்பதற்குள்... சரி, அது எதற்கு இப்போது.

"டீச்சர்" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "ஓகே லா, டீச்சர். உக்காருங்க, கூப்பிடறேன்."

என் முறை வந்ததும் கூடமே அதிர "டீச்சர்!" என்று கூப்பிட்டாள். எழுந்தேன். கூடவே ஒரு மலாய்க்கார அம்மாவும் ஒரு சீன அம்மாவும் எழுந்துவிட்டார்கள். மூன்று பேருக்கும் தலை நரைத்திருந்தது. அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, கமலம் டீச்சர் லா!" எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே போய்விட்டு வந்து திரும்ப உட்காரும்போது சீன அம்மா என்னைப் பார்த்து மலாயில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டீச்சர், எந்த ஸ்கூல்?"

சொட்டு மருந்து விட்டதில் இன்னும் எழுத்து மங்குகிறது. இதோடு நிறுத்த வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மட்டும் நான் யோசிக்கவே இல்லை.